மணற்கடலில் மோட்டார் வண்டி

பாலைவனம் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது ஒட்டகம். அதற்கு அடுத்தாற்போல் ஒரு பேரீச்ச மரம். அதன் அடியில் ஒரு கிணறு. பள்ளிப் புத்தகங்களில் நாம் கண்டு பழகிய இந்தப் படத்தைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, ஒட்டகமும் உள்ளே புகத் தயங்கிய ஒரு பாலைவனத்தை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

எகிப்து நாட்டில், நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள பசிய வயல்களைத் தாண்டி நாலடி வைத்தால் அப்பாலைவனம் தொடங்கிவிடுகிறது. லிபியப் பாலைவனம் என்பது அதன் பெயர். சகாரா என்னும் மாபெரும் வறண்ட நிலத்தின் கிழக்குப் பகுதி அது. அதன் பரப்பைச் சொல்லவந்த அக்காலப் பயணிகள், நம் இந்தியத் தீபகற்பத்தோடு அதனை ஒப்பிடுவது வழக்கம். அதில் ஆண்டுக் கணக்கில் ஒரு துளி மழையும் காணாத இடங்கள் உண்டு. ஒரு சோலையிலிருந்து மறு சோலைக்கு உள்ள தூரமோ மலைக்கத்தக்கது. எகிப்தின் தக்லா சோலைக்கும் லிபியாவின் குஃப்ரா சோலைக்கும் இடையே ஏறத்தாழ 350 மைல். இவ்வெளியின் நடுவே, சீவா சோலைக்குத் தெற்கில் தொடங்கி முந்நூறு மைலுக்கு மேல் நீண்டு கிடப்பதே ‘பெரும் மணற்கடல்’. வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக மணற்குன்றுத் தொடர்கள் ஓடுகின்றன. முந்நூறு அடிக்கு மேல் எழும் குன்றுகளும் அவற்றுள் உண்டு. வடதெற்காகச் செல்பவன் இரு தொடர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் வழியே ஒருவாறு போய்விடலாம். கிழக்கிலிருந்து மேற்கே போக விரும்புபவன் அலைமேல் அலையாக ஒவ்வொரு தொடரையும் ஏறி இறங்கியே தீர வேண்டும்.

சீவாவின் மீது படையெடுத்துச் சென்ற பாரசீக மன்னன் காம்பைசஸின் பெருஞ்சேனை மணற்புயலில் புதையுண்டு போயிற்று என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அது மெய்யோ கதையோ, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அதனை நம்பினார்கள் என்பது உண்மை. 1874ஆம் ஆண்டில் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானியர் ஒட்டகங்களுடன் தக்லாவிலிருந்து குஃப்ராவை நோக்கி மேற்கே புறப்பட்டார். மணற்குன்றுகள் அவரை மறித்தன. வியப்பு என்னவென்றால், அங்கே எதிர்பாராமல் மழை பெய்தது! அந்த மழையில் தண்ணீர் சேகரித்துக்கொண்டு, குஃப்ராவை மறந்து, குன்றுகளின் போக்கிலேயே வடக்கே திரும்பிச் சீவாவை அடைந்தார். மழை பெய்த இடத்துக்கு ‘மழை வயல்’ என்று பொருள்படும் பெயரையும் தம் மொழியில் இட்டுச் சென்றார். 1923இல் எகிப்தியரான அகமது ஹசனைன் சுமார் 2,200 மைல் ஒட்டகப் பயணம் செய்து, அர்க்கினு, உவைநாத் ஆகிய இரு மலைகளையும் அவற்றின் சுனைகளையும் உலகுக்கு அறிவித்தார். ‘கண்டுபிடித்தார்’ என்று நூல்கள் எழுதுகின்றன. அச்சொல்லை நான் சற்றுத் தயக்கத்துடனேயே பயன்படுத்துவேன். அச்சுனைகளில் நீர் பருகி வாழ்ந்த மக்கள் அவர் சென்றபோதே அங்கு இருந்தார்கள். வழிகாட்டிகளும் பாலைவன மக்களே.

இத்தகைய நிலத்துக்குள் மோட்டார் வண்டியைச் செலுத்தலாம் என்ற துணிவு முதல் உலகப் போரின்போது பிறந்தது. எகிப்தின் மேற்கு எல்லையைக் காக்க, பிரிட்டிஷ் படையினர் இலேசான ஃபோர்டு வண்டிகளில் பாலைவனத்தைச் சுற்றிவந்தார்கள். அவர்கள் கற்ற வித்தைகள் பல. ஆனால் போர் முடிந்ததும் அந்த அணிகள் கலைக்கப்பட்டன. வித்தைகளும் பெரும்பாலும் மறக்கப்பட்டன. பின்னர் எகிப்திய இளவரசர் கமாலுத்தீன் ஹுசேன், சக்கரத்துக்குப் பதிலாகப் பின்புறம் பட்டை பூட்டிய சிட்ரோயன் வண்டிகளில் தென்மேற்கு மூலை வரை சென்று, கில்ஃப் கபீர் என்ற பெரும் பீடபூமிக்குப் பெயரிட்டார். அவர் செல்வர், பெரும்பொருள் செலவிட வல்லவர். நாம் இங்கே பேசப்போவது அத்தகைய செல்வம் இல்லாத சில நண்பர்களைப் பற்றி.

1926இல் ரால்ஃப் பாக்னால்ட் என்ற முப்பது வயது இராணுவ அதிகாரி எகிப்துக்கு வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணி. கெய்ரோவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வு நேரத்தைப் பந்தாட்டத்திலும் விருந்திலும் கழித்துவந்தார்கள். இவரும் இவருடைய தோழர் சிலரும் சொந்தப் பணத்தில் ஃபோர்டு வண்டிகளை வாங்கிக்கொண்டு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பாதையில்லாத இடங்களைத் தேடிப் போனார்கள். முதலில் சினாய், பிறகு ஜோர்டான் நாட்டின் பெட்ரா, 1927இல் சீவா. 1928இல் பாக்னால்டை இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு அவர் கண்ட பரிகாரம் வேடிக்கையானது. நண்பர்கள் விடுமுறையை ஒரே காலத்தில் கேட்டுப் பெறுவார்கள். இவர் இங்கிருந்து கப்பலேறிச் செல்வார். எல்லாரும் எகிப்தில் ஒன்று கூடுவார்கள். 1929, 1930 ஆண்டுகளின் பயணங்கள் இவ்வாறே நடந்தன. 1932இல் எண்மர், நான்கு வண்டிகளில், சூடான் எல்லைக்கும் அப்பால் சென்று சுமார் 6,000 மைல் சுற்றி வந்தார்கள்.

அவர்கள் எதிர்கொண்ட இடையூறுகளுள் முதன்மையானது தண்ணீர். மனிதன் குடிக்கும் தண்ணீரை மட்டும் நான் சொல்லவில்லை. அக்கால மோட்டாரும் பெருங்குடிகாரன்தான். மணலில் இழுத்துச் செல்லும்போது எஞ்சின் சூடேறும். முன்புறத்திலுள்ள ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். நீராவி மேற்குழாய் வழியே வெளியேறிக் காற்றோடு போய்விடும். உடனே குடிதண்ணீரை எடுத்து அதில் ஊற்ற வேண்டும். பாக்னால்டும் நண்பர்களும் என்ன செய்தார்கள்? ரேடியேட்டரின் மேற்குழாயை நன்றாக அடைத்தார்கள். ஆவி போவதற்கு ஒரே வழியாக, வண்டியின் பக்கத்தில் கட்டிய தகரத்துக்கு ஒரு குழாயைக் கொண்டு சென்றார்கள். அத்தகரத்தில் பாதியளவு தண்ணீர் இருக்கும். ஆவி அந்தத் தண்ணீருக்குள் புகுந்து குளிர்ந்து நீராகும். தகரமே கொதிக்கத் தொடங்கினால், வண்டியைக் காற்று வரும் திசையை நோக்கி நிறுத்திச் சற்றுக் காத்திருப்பார்கள். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, தகரத்திலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பள்ளியில் பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் விளங்கக்கூடிய இந்தச் சிறு ஏற்பாடு, நூற்றுக்கணக்கான மைல் தூரத்தை ஒரு சொட்டு நீரும் வீணாகாமல் கடக்க உதவிற்று. போர்க்கால ரோந்து வண்டிகளில் இருந்த பழைய யுக்திதான் இது. இந்நண்பர்கள் அதனைச் செப்பம் செய்தார்கள்.

இரண்டாவது, திசை அறிதல். காந்த ஊசி இருக்கிறதே என்று கேட்கலாம். இரும்பாலான வண்டிக்குள் அமர்ந்துகொண்டு காந்த ஊசியை நம்ப முடியாது. பத்தடி இறங்கிப் போய்ப் பார்த்தால் அது சரியாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு மைலுக்கும் வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தால் பயணம் என்றைக்கு முடிவது? ஆகவே சூரியனையே திசைகாட்டியாக்கினார்கள். பாகை குறித்த வட்டத் தகடு ஒன்றைக் கிடையாக வைத்து, அதன் நடுவே செங்குத்தாக ஓர் ஊசியை நாட்டினார்கள். ஊசியின் நிழல் தகட்டின் மீது விழும். சூரியன் நகர்வதற்கேற்ப, முன்பே கணித்து வைத்த அட்டவணையைப் பார்த்துத் தகட்டைத் திருப்பிவிட்டால், ஓட்டுபவர் நிழலைக் குறித்த கோட்டிலிருந்து விலகாமல் வைத்திருந்தால் போதும்; வண்டி குறித்த திசையில் செல்லும். கோடையில் நண்பகலில் மட்டும் இக்கருவி பயன்படாது. கடகரேகைக்கு அருகில் கதிரவன் தலைக்கு நேரே வந்துவிடுவதால், நிழல் ஊசியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும்.

இரவில் நட்சத்திரங்களை அளந்து, தாங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். இதற்குத் துல்லியமான நேரம் தேவை. பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. எனவே அப்பகுதியில் கடிகாரம் ஒரு நிமிடம் பிழைத்தால், கணக்கில் இடம் பதினைந்து மைல் தள்ளிப்போகும். கிணற்றைப் பதினைந்து மைல் தவறவிட்டவன் கதி யாது? இந்தப் பிழையை நீக்கியது வானொலி. தொலைவிலுள்ள நிலையங்கள் ஒலிபரப்பிய நேரக் குறிப்பைச் சிறு கருவியொன்றில் கேட்டு, தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டார்கள். வானொலி நிலையத்தில் அமர்ந்து பேசும் எனக்கு, அப்பயணக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது என்று சொன்னால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

மூன்றாவது இடையூறு மணலே. ஆற்று மணலில் பாரவண்டி அழுந்திவிட்டால் என்ன பாடு என்பது நம் கிராமத்து மக்களுக்குத் தெரியும். மோட்டார் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரத்தைவிடப் பொல்லாதது. சுழலச் சுழலத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். நண்பர்கள் இதற்கும் மருந்து கண்டார்கள். டயர்களில் காற்றைக் குறைத்து, அவை அகன்று பதியுமாறு செய்தார்கள். முதலில் கயிற்று ஏணிகளைச் சக்கரத்துக்குக் கீழே இட்டுப் பார்த்தார்கள். பின்னர், கெய்ரோவில் பழைய சாமான் கடையொன்றில் நீண்ட எஃகுத் தகடுகள் கிடைத்தன. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகச் செய்யப்பட்டவை அவை. அழுந்திய சக்கரத்தின் முன்னே மண்ணை அள்ளிவிட்டு இத்தகட்டைச் செருகினால், சக்கரம் அதன்மேல் ஏறி ஓடும். ஒருவர் ஓட்ட, மற்றவர் தள்ள, வண்டி விடுபட்டதும் அது நிற்காமல் கெட்டித்தரை வரை ஓடிவிட, பின்தங்கியவர்கள் கனத்த தகடுகளைத் தோளில் சுமந்துகொண்டு வெயிலில் அதன்பின் ஓட வேண்டும். இது ஒரு நாளில் ஒருமுறை இருமுறை நடப்பதன்று. பல முறை நடப்பது. யார் தள்ளுவது, யார் ஓட்டுவது என்று பதவி பார்த்திருந்தால் அப்பயணங்கள் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

ஆனாலும் பெரிய குன்றுகளை என்ன செய்வது? மெல்ல ஏறினால் வண்டி அழுந்திவிடுகிறது. 1930ஆம் ஆண்டுப் பயணத்தில் பாக்னால்ட் இதற்கு நேர்மாறான முறையைச் சோதித்தார். மணி ஒன்றுக்கு நாற்பது மைல் வேகத்தில் மணற்சுவரை நோக்கி நேரே வண்டியைச் செலுத்தினார். உடன் இருந்தவர்கள் மோதப்போகிறது என்றே எண்ணியிருக்கக்கூடும். மோதவில்லை, வண்டி குன்றின்மேல் வழுக்கிக்கொண்டு ஏறி உச்சியில் போய் நின்றது. காற்று வந்து மோதும் சரிவில் மணல் நெருங்கிப் படிந்து இறுகிக் கிடக்கிறது என்பதும், வேகம் குறையாதவரை அது வண்டியைத் தாங்கும் என்பதும் இவ்வாறு தெரிந்தன. மறுபுறச் சரிவின் கதை வேறு. காற்றின் மறைவில் உதிர்ந்து விழும் மணல் அங்கே செங்குத்தாகவும் இளகியும் நிற்கும். உச்சியை வேகமாகத் தாண்டினால் தலைகுப்புற விழ நேரும். ஆகவே ஏறும்போது பாய்ச்சல், உச்சியில் நிதானம்.

இவ்வளவு சாதனங்களும் இருந்தாலும், பயணத்தின் உயிர் கணக்கில்தான் இருந்தது. எடுத்துக்காட்டாக நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிணறோ கடையோ இல்லாத 1,000 மைல் செல்ல வேண்டும். மணலில் காலனுக்குப் பத்து மைல் ஓடும் என்று கொள்வோம். 100 காலன் பெட்ரோல் வேண்டும். அக்காலத்தில் அது நான்கு காலன் தகரங்களில் வந்தது. ஆக 25 தகரங்கள். எடை ஏறத்தாழ 720 இராத்தல். இருவருக்கு இருபது நாள் குடிதண்ணீர், ஆளுக்கு அரைக் காலன் வீதம் 20 காலன். அது 200 இராத்தல். இனி உணவு, போர்வை, மாற்றுச் சக்கரம், கருவிகள். சிறிய வண்டி இவ்வளவையும் சுமக்க வேண்டும். எனவே கதவுகளையும் மேற்கூரையையும் கழற்றி எறிந்தார்கள். மெல்லிய தகரங்கள் குலுங்கிக் குலுங்கி விரிசல் விட்டு ஒழுகின. அந்த ஒழுக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒருவர் கணக்கில் தவறினால் அனைவர்க்கும் ஆபத்து. நண்பர்கள் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். பில் கென்னடி ஷா சூடானின் வனத்துறையில் பணிபுரிந்தவர். செடிகொடிகளையும் பழம்பொருள்களையும் ஆராய்வார். நட்சத்திரக் கணக்கும் அவர் பொறுப்பு. கை பிரெண்டர்காஸ்டும் ரூபர்ட் ஹார்டிங் நியூமனும் டாங்கிப் படையினர், யந்திரம் அறிந்தவர்கள். டக்ளஸ் நியூபோல்ட் சூடான் ஆட்சித்துறை அதிகாரி. இவர்கள் ஒருவரை ஒருவர் நம்பித் தங்கள் தண்ணீரை ஒப்படைத்தார்கள்.

இவர்கள் தேடிய இலக்கு என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். ஜெர்ஸுரா என்றொரு மறைந்த சோலையைப் பற்றி அரபு மக்களிடையே பழங்கதை வழங்கியது. 1930இல் நைல் நதிக்கரையிலுள்ள வாதி ஹல்பாவில் கூடியபோது, அந்த இல்லாத ஊரின் பெயரால் நண்பர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். வேறு சிலரும் அதனைத் தேடினார்கள். 1932இல் ஹங்கேரியரான லாஸ்லோ அல்மாஸி, எகிப்திய நில அளவைத் துறையின் பேட்ரிக் கிளேட்டன் முதலியோருடன் ஒரே குழுவில் சென்றார். அவர்களிடம் ஓர் ஆகாய விமானமும் இருந்தது. கில்ஃப் கபீர் பகுதியில் பசுமை தெரிந்த பள்ளத்தாக்குகளை அவர்கள் மேலிருந்து கண்டார்கள். அடுத்த ஆண்டு அல்மாஸி அப்பகுதியில், நீந்தும் மனிதர்களைத் தீட்டிய குகை ஒன்றைக் கண்டார். இன்று ஒரு குவளை நீரும் இல்லாத இடத்தில் நீச்சல்! சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மழை பெய்தது, ஆடுமாடு மேய்ந்தது என்பதைப் பாறை ஓவியங்கள் பல காட்டுகின்றன.

பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த மோட்டார்ப் பயணக்கலை, உயிர்காக்கவும் ஒருமுறை உதவியது. 1931ஆம் ஆண்டு சனவரியில் இத்தாலியப் படை குஃப்ராவைக் கைப்பற்றிற்று. அஞ்சிய மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, தண்ணீரற்ற பாலைவனத்தின் வழியே எகிப்தை நோக்கி ஓடினார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். அவ்வேளையில் அங்கே நில அளவைப் பணியில் இருந்த கிளேட்டன், தம் மோட்டார் வண்டிகளைக் கொண்டு வழிதவறியவர்களைத் தேடிச் சேகரித்துக் காப்பாற்றினார். ஜெர்ஸுராவைத் தேடிய கதைகளை எழுதிய அளவுக்கு இந்த நிகழ்ச்சியை உலகம் எழுதவில்லை என்பது என் குறை.

பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும், பாக்னால்ட் தளபதி வேவல் அவர்களிடம் ஒரு யோசனையைச் சொன்னார். பகைவர் எதிர்பாராத உட்பாலைவனத்தின் வழியாகச் சிறு மோட்டார் அணிகளை அனுப்பலாம் என்பதே அது. வேவல் இசைந்தார். ஷா, கிளேட்டன், பிரெண்டர்காஸ்ட், ஹார்டிங் நியூமன் என்று பழைய தோழர்களைப் பாக்னால்ட் மீண்டும் கூட்டினார். நியூசிலாந்து வீரர்கள் முன்வந்தார்கள். ஆறே வாரத்தில் அணி உருவாயிற்று. நெடுந்தூரப் பாலைவன அணி என்று பின்னர்ப் புகழ்பெற்றது அதுவே. ஃபோர்டுக்குப் பதிலாகச் செவர்லே லாரிகள்; மற்றபடி அதே ஆவித் தகரம், அதே நிழல் திசைகாட்டி, அதே எஃகுத் தகடு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு பைண்ட் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. பின்னர் இந்தியக் குதிரைப்படையினரைக் கொண்ட அணி ஒன்றும் இதே முறையில் பயிற்சி பெற்றுப் பாலைவனத்தில் பணிபுரிந்தது.

கிளேட்டன் 1941 சனவரியில் இத்தாலியரிடம் சிறைப்பட்டார். அவரோடு ஒரே குழுவில் சென்ற அல்மாஸியோ எதிர்ப்பக்கம் இருந்தார். 1942 மே மாதத்தில், பகைவரிடமிருந்து பிடித்த வண்டிகளில் இரண்டு ஜெர்மானிய ஒற்றர்களை ஏற்றிக்கொண்டு, கில்ஃப் கபீர் வழியாக நைல் கரையிலுள்ள அஸ்யூத் வரை கொண்டுவந்து விட்டுத் திரும்பியவர் அவர்தாம். நண்பர்கள் பங்கிட்டுக்கொண்ட வழிகள் இருபக்கத்துக்கும் தெரிந்திருந்தன. வரைபடம் யார் கையில் இருந்தாலும் வழியைக் காட்டத்தான் செய்கிறது.

பாக்னால்டுக்கு இப்பயணங்கள் வேறொரு கேள்வியையும் விட்டுச் சென்றன. ஒரு குன்று ஏன் இறுகியும் மறுகுன்று ஏன் இளகியும் இருக்கிறது? உயிரற்ற மணல் எங்ஙனம் இவ்வளவு ஒழுங்கான வடிவங்களை எடுக்கிறது? 1935இல் படையிலிருந்து விலகிய அவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மரப்பலகையும் கண்ணாடியும் கொண்டு ஒரு காற்றுச் சுரங்கத்தைத் தாமே அமைத்து, மணலை உள்ளே இட்டுக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். மணல் தூசியைப் போல் மிதந்து செல்வதில்லை. ஒவ்வொரு மணியும் துள்ளிக் குதித்து வில்போல வளைந்து சென்று விழுந்து, விழுந்த இடத்தில் வேறு மணிகளைத் துள்ளச் செய்கிறது. காற்றின் வேகம் வலுவான நிலையில் இருமடங்கானால், அது கொண்டுசெல்லும் மணல் ஏறத்தாழ எண்மடங்காகிறது. இம்முடிவுகளைக் கொண்ட அவருடைய நூல் 1941இல், ஆசிரியர் பாலைவனப் போரில் இருந்தபோது, வெளிவந்தது. 1944இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1990இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார்.

செவ்வாய்க் கிரகத்திலும் காற்று உண்டு, மணற்குன்றும் உண்டு. அங்கே ஒரு குன்றுத் தொடருக்குப் பாக்னால்டின் பெயரை இட்டிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இறுதியில் கியூரியாசிட்டி என்னும் ஆறு சக்கர யந்திரம் அக்குன்றுகளை அடைந்து மணலை ஆராய்ந்தது. அதற்கு முன்பே, 2009இல், ஸ்பிரிட் என்ற வேறொரு யந்திரம் அதே கிரகத்தின் மற்றொரு பகுதியில் இளகிய மண்ணில் அழுந்திவிட்டது. பூமியிலிருந்த பொறியாளர்கள் பல மாதங்கள் ஆணைகளை அனுப்பிச் சக்கரங்களை முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்தார்கள். சக்கரத்தின் அடியில் எஃகுத் தகட்டைச் செருகவும், பின்னிருந்து தள்ளவும் அங்கே எவரும் இல்லை. 2010 மார்ச்சு மாதத்துக்குப் பின் அதனிடமிருந்து செய்தி வரவில்லை.